தங்கைக்காகத் தோண்டிய சுரங்கம்

என் தங்கையின் புகுந்த வீட்டில் காலை நாஸ்தா நேரத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவள் கணவரின் அண்ணன், எங்கள் இருவருக்கும் மாமா, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, முந்தின நாள் வீட்டில் யாருடைய போன் இணையத்தில் எங்கெங்கே போய் வந்தது என்று சத்தமாக வாசிப்பார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில் அவர்கள் வீடு. மாடி அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வந்து தங்குகிறவர்கள் ஓயாமல் சினிமா இறக்கி வைஃபையைத் தின்று தீர்த்ததால், யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று காட்டும் ரூட்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். அதற்கென்று ஒரு ஆப் இருந்தது. அது விருந்தாளிகளோடு வீட்டு ஆட்களையும் சேர்த்தே காட்டியது.

“அம்மா நேத்து பூரா சீரியலு. தம்பி கிரிக்கெட்டு. சின்னவ பொடவக் கடைக்குள்ள பூந்தவ சாயங்காலம் வரிக்கும் வெளிய வரல” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னவள் என்பது என் தங்கை. நான் அங்கே தங்கிய நாட்களில் நானும் சிரித்திருக்கிறேன். ஒருமுறை என் போனும் மாட்டியது. முடி கொட்டாமல் இருக்க என்ன செய்வது என்று தேடி, அதற்கென்றே இருக்கும் ஒரு தளத்துக்குள் போயிருந்தேன். அதற்குப் பிறகு ரெண்டு மாதம் அந்த வீட்டில் யாரைப் பார்த்தாலும் என் தலையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

என் பிழைப்பே இந்த விஷயம்தான். செங்கல்பட்டில் இருந்து ரயிலேறி சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், ஒரு தொழிற்பேட்டையின் நெட்வொர்க் பிரிவில் உட்காருகிறவள் நான். வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு விபிஎன் போட்டுக் கொடுப்பதும், அது வேலை செய்யவில்லை என்று அவர்கள் திட்டும்போது வாங்கிக்கொள்வதும் என் வேலை. குடும்பத்தில் யாருடைய போன் சூடானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தங்கைக்குக் குழந்தை தங்கவில்லை. ஆறாம் மாதத்தில் போய்விட்டது. கொஞ்ச நாள் என் வீட்டில் இருந்துவிட்டு மாமல்லபுரம் திரும்பினாள். அந்த வீட்டில் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. வாங்கி வைத்திருந்த சின்னத் துணிகளை எல்லாம் அவள் மாமியார் யாருக்கும் தெரியாமல் எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. செங்கல்பட்டில் அவளைப் பார்த்த டாக்டரம்மா, சென்னையில் இருக்கும் மனநல ஆலோசகர் ஒருவரைச் சொன்னார். புதன்கிழமை மதியம் வீடியோவில் பேசலாம் என்று ஏற்பாடானது.

“வாரத்துக்கு ஒரு மணி நேரம் அக்கா. எனக்கு அது வேணும். ஆனா வூட்ல தெரியக் கூடாது” என்றாள்.

“தெரிஞ்சா இன்னா பண்ணிடுவாங்க? திட்டவா போறாங்க?”

“திட்ட மாட்டாங்க. ரொம்ப நல்லாப் பாத்துக்குவாங்க. அதான் பயமா கீது.”

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. அந்த வீட்டில் ஒருத்தருக்கு இருமல் வந்தால் ஒன்பது பேர் கஷாயம் வைப்பார்கள். இவள் டாக்டரிடம் பேசுகிறாள் என்று தெரிந்தால், பேசி முடித்ததும் கதவுக்கு வெளியே ஒருத்தர் காபியோடு நிற்பார், இன்னொருத்தர் இன்னா சொன்னாங்க என்று கேட்பார், அப்புறம் மதுராந்தகத்தில் இருக்கும் நாத்தனார் போன் செய்து அழுவார். அவளுடைய துக்கத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. கணவருக்கு மட்டும் பாதி சொல்லியிருந்தாள். சுற்றுலாக் கார் ஓட்டுகிற அந்த மனுஷருக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது, அதனால் மீதிப் பாதியை நிறுத்தி வைத்திருந்தாள்.

மொபைல் டேட்டாவில் பேசலாமே என்றால், அவள் அறைக்குள் சிக்னல் ஒரு கோடுகூட எட்டிப் பார்க்காது. சிக்னல் கிடைக்கிற இடம் மொட்டை மாடி. அங்கே வெளிநாட்டுக்காரர்கள் துண்டு விரித்து வெயில் காய்வார்கள். ஆக வைஃபைதான் வழி. வைஃபையில் போனால் ஆலோசகரின் தளத்தின் பெயர் மறுநாள் இட்லியோடு பரிமாறப்படும். எனவே அவளுக்கு ஒரு விபிஎன் போட்டுத் தருவது என்று முடிவு செய்தேன்.

விபிஎன் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. போனில் இருந்து கிளம்புவதை எல்லாம் பூட்டிய ஒரு பாதைக்குள் விட்டு, வேறெங்கோ இருக்கும் ஒரு கணினிக்கு அனுப்புவது. அங்கிருந்து அது வெளியே போகும். நடுவில் இருக்கிற ரூட்டருக்கு அந்தக் கணினியின் எண் மட்டும் தெரியும், அதற்கு அப்பால் எங்கே போகிறது என்று தெரியாது. அந்தப் பாதையை எப்படிப் போடுவது, எப்படிப் பூட்டுவது என்ற விதிமுறைக்குத்தான் புரோட்டோகால் என்று பெயர். விளம்பரங்களில் இதை ராணுவத் தரம், உலகத் தரம் என்றெல்லாம் அடித்து விடுவார்கள். ஓசியில் தருகிற ஆப்களும் உண்டு. எவனோ ஒருவன் ஓசியில் நமக்குக் குடை பிடிக்கிறான் என்றால் அவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டாமா? அதனால் நானே மும்பையில் ஒரு சின்னக் கணினியை மாத வாடகைக்கு எடுத்து, அதில் எல்லாவற்றையும் என் கையாலேயே அமைத்தேன். கூடப் பிறந்தவளுக்குச் செய்வதை வேறு யாரிடம் விடுவது என்ற திமிர் எனக்கு இருந்தது.

மாமாவின் ரூட்டரிலேயே பிபிடிபி என்று ஒன்று இருந்தது. அது ஆதி காலத்துப் பூட்டு, சில ரூட்டர்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. தெரிந்தவன் நின்ற இடத்திலேயே திறந்துவிடுவான். அதைத் தொடவே இல்லை. முதலில் வயர்கார்டு போட்டேன். இருப்பதிலேயே புதியது, சின்னது, வேகமானது. போனின் பேட்டரியையும் அதிகம் குடிக்காது. என் வீட்டில் வைத்துப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி போனது. மாமல்லபுரத்துக்குப் போனதும் செத்த பாம்பாகக் கிடந்தது. காரணம், விருந்தாளிகள் சினிமா இறக்குவதைத் தடுக்க மாமா நெட் ஆளை வைத்து ரூட்டரில் பெரும்பாலான கதவுகளை, போர்ட் என்று நாங்கள் சொல்லும் எண் போட்ட வாசல்களை, மூடிவிட்டிருந்தார். வயர்கார்டு வழக்கமாகப் போகும் கதவும் அதில் போய்விட்டது. அடுத்து ஐகேஇவி2. வைஃபையில் இருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவினாலும் அறுந்து போகாது என்று அதன்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. அதற்கென்று நிலையான கதவுகள் ரெண்டு, அவையும் மூடியிருந்தன.

மூன்றாவதாக ஓபன்விபிஎன். பழைய ஆள், நம்பலாம், எந்தச் சந்திலும் நுழைந்து போவான். சாதாரண இணையதளங்கள் எல்லாம் போய் வருகிற 443 என்ற கதவு வழியாக டிசிபி முறையில் அவனை அனுப்பினேன். அந்தக் கதவை யாராலும் மூட முடியாது, மூடினால் மாமாவுக்கே ஒரு தளமும் திறக்காது. சட்டென்று இணைப்பு கிடைத்தது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் தங்கை மொட்டை மாடியில் இருந்து போன் செய்தாள்.

“நான் சொல்லிகினு இருந்தேன் அக்கா. மொத மொத சொல்றேன். சொல்லி முடிச்சிட்டுப் பாத்தா அந்தம்மா மூஞ்சி அப்டியே நின்னு போயிருக்குது. எவ்ளோ நேரமா நின்னுகினு இருந்துதோ தெரியல. திரும்பி வந்ததும், மறுபடியும் சொல்லுங்கம்மான்னாங்க. என்னால முடியல.”

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இது தெரிந்த விஷயம்தான். டிசிபி என்பது அனுப்பிய ஒவ்வொரு பொட்டலமும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே நடக்கிற ஆள். வழியில் ஒன்று தவறினால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டு அதை மறுபடியும் அனுப்பும். கோப்பு அனுப்ப அது நல்லது. மனுஷர் முகம் பார்த்துப் பேசுவதற்கு, விட்டதை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும் யூடிபிதான் சரி. ஒரு எழுத்து கேட்காவிட்டால் என்ன, பேச்சு நிற்காது. பாதுகாப்பை மட்டும் பார்த்தேனே தவிர, அந்தப் பாதையில் போகப் போவது என்ன என்று யோசிக்கவில்லை. அலுவலகத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் காது கிழியக் கிழியத் திட்டியிருப்பேன்.

அப்புறம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. நெட் ஆள் 443ஐத் திறந்து வைத்தபோது டிசிபிக்கும் யூடிபிக்கும் சேர்த்தே திறந்து வைத்திருந்தான். வயர்கார்டுக்கு இந்தக் கதவுதான் வேண்டும் என்ற பிடிவாதம் கிடையாது. என் கணினியில் அதன் வாசலை 443க்கு மாற்றினேன். அடுத்த புதன் வீடியோ ஒருமுறைகூட நிற்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் போனில் ஏதோ சொல்லிச் சிரித்தாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்தக் கோலாகலத்தில் நான் ஒன்றைக் கோட்டை விட்டேன். அவள் மறந்துவிடுவாளோ என்று பயந்து, விபிஎன் எப்போதும் ஓடும்படி அமைத்திருந்தேன். அது அறுந்தால் போனில் இணையமே வராது என்றும் பூட்டியிருந்தேன். எங்கள் துறையில் அது நல்ல வழக்கம். அந்த வீட்டிலோ, புடவைக் கடைக்கும் சமையல் வீடியோவுக்கும் போய்க்கொண்டிருந்த சின்னவளின் போன் திடீரென்று காலைப் பட்டியலில் இருந்து காணாமல் போனது. எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே ஒரு எண், ராத்திரி பகலாக. ஒன்றும் வாசிக்க இல்லாத போன்தான் அந்த வீட்டில் எல்லோர் கண்ணிலும் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமா எனக்கே போன் செய்தார்.

“ஏம்மா, ஒரு பேஜாரு. சின்னவ போனு எந்நேரமும் ஒரே எடத்துக்குப் போய்க்கினே கீது. பேரு ஒண்ணும் இல்ல, வெறும் நம்பரு. எவனோ போனுக்குள்ள பூந்துகினானோ இன்னாவோ. போட்டோ புடிச்சி அனுப்பி கீறேன், யாருதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லு.”

படத்தைத் திறந்தேன். நான் வாடகை கட்டுகிற கணினியின் எண் அது.

“பாத்துட்டு சொல்றேன் மாமா” என்றேன். வேறென்ன சொல்ல?

“நீ நிதானமா பாரும்மா. எதுக்கும் இருக்கட்டும்னு நான் அத பிளாக் பண்ணிட்டேன்.”

அவர் தடுத்தார், நான் போட்ட பூட்டு விழுந்தது, தங்கையின் போனில் இணையம் மொத்தமாக நின்றது. மறுநாள் புதன். வயர்கார்டை வேறு எண்ணுக்கு மாற்ற எனக்குக் கால் மணி நேரம் ஆகாது. ஆனால் மறுபடியும் அந்த எண் காலையில் இட்லிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த முறை வைரஸ் என்று நினைத்த மனுஷர் அடுத்த முறை வேறு மாதிரி நினைக்கலாம், அவர் நினைக்காவிட்டாலும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கலாம். கல்யாணமான பெண் எதையோ மறைக்கிறாள் என்றால் மனுஷர் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். லீவு சொல்லிவிட்டு, புதன்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனேன்.

போனதும் மாமா போனை நீட்டினார். பக்கத்தில் தங்கையின் மாமியார், நாங்கள் அத்தை என்று கூப்பிடுபவர், முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இது நான் போட்டதுதான் மாமா” என்று ஆரம்பித்தேன். “எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு பாதுகாப்பு ஆப்பு செஞ்சி கீறாங்க. சோதிச்சுப் பாக்க இவ போன்ல போட்டேன்.”

“அப்டியா. ஏன் உன் போன்ல போட்டுப் பாக்கல?”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து தங்கை வந்தாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள்.

“அக்கா பொய் சொல்லுது மாமா. நான் ஒரு டாக்டரம்மாகிட்ட பேசிகினு கீறேன். கொயந்த போனதுலேந்து எனக்குத் தூக்கம் இல்ல. அது யாருக்கும் தெரிய வேணாம்னு நான்தான் இத போடச் சொன்னேன். இப்ப தெரிஞ்சிட்ச்சி. ஆனா இன்னா பேசறேன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க.”

குழந்தை போனதில் இருந்து அந்த வீட்டில் அந்தச் சொல் வந்ததே இல்லை. மாமா போனை எடுத்து ஆப்பில் ஏதோ தட்டினார். “தொறந்துட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் முகம் காதுவரை சிவந்திருந்தது.

மதியம் தங்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் அத்தையோடு உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் அத்தை ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை ஏற்றினார், தெருவுக்கே கேட்கும் அளவுக்கு. ஏன் இவ்வளவு சத்தம் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

“பொதங்கிழம ஆனா ஏத்திடுவேன்” என்றார் அத்தை. “உள்ள அய்வுறது வெளிய கேட்டா அதுக்குச் சங்கடமா இருக்குமேன்னு. யாருகிட்ட பேசுதுன்னுல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இன்னா பேசுதுன்னு நான் காது குடுத்ததும் இல்ல.”

அவர் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். யாருக்கோ நிச்சயதார்த்தம் நின்று போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் தங்கை பஸ் ஏற்றிவிட வந்தாள். கடற்காற்றில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே நடந்தாள். முகம் கழுவியிருந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் வந்து நின்றதும் கேட்டாள்.

“அக்கா, பொதங்கிழம நான் பேசி முடிச்ச ஒடனே நீ போன் பண்ணுவியே. அது எப்டி கரெக்டா பண்ற?”

நான் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. வயர்கார்டில் ஒவ்வொரு போனும் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று ஒரு கணக்கு ஓடும். புதன்கிழமை மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைத் திறந்து வைத்துக்கொள்வேன். எண்கள் மளமளவென்று ஏறும். நின்றதும் பேச்சு முடிந்துவிட்டது என்று தெரியும். அழுது முடித்து உட்கார்ந்திருப்பாளே, தனியாக இருக்க வேண்டாமே என்று வாட்ஸ்அப்பில் போன் செய்வேன்.

“நான் வேற எங்க போறேன்னும் தெரியுமா?”

“நெனச்சா பாக்கலாம். பாத்தது இல்ல.”

“மாமாவும் கெட்டவரு இல்லயே அக்கா” என்றாள்.

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. ராத்திரி பகலாக இவளுக்காக மண்டையை உடைத்துக்கொண்டவளைப் பார்த்து, இட்லி தின்றுகொண்டே ஊர் வம்பு வாசிக்கிற ஆளோடு ஒப்பிட்டுவிட்டாளே என்று. எந்தப் புரோட்டோகால், எந்தக் கதவு, எந்தப் பூட்டு என்று அத்தனை தேடினேன், பாதையின் அந்தக் கடைசியில் உட்கார்ந்திருப்பது யார் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது நான்தான் என்பதால் கேட்கத் தோன்றவில்லை. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் கோபம் அடங்கிவிட்டது. வருத்தம் அடங்கவில்லை.

ரெண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். காசு கட்டி வாங்கும் விபிஎன்களில் எது நல்லது, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டாள். என் குரலை முடிந்தவரை அலுவலகக் குரலாக வைத்துக்கொண்டு சொன்னேன். வயர்கார்டு இருக்கிறதா பார், கதவை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா பார், யார் எங்கே போகிறார்கள் என்று எழுதி வைப்பதில்லை என்று வெறுமனே சொல்கிறார்களா, வெளியாள் யாரையாவது விட்டுச் சோதிக்கச் செய்திருக்கிறார்களா பார். வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள், நாள் முழுக்க ஓட விடாதே.

“அவங்கள யாருன்னே தெரியாதேடி. எவனோ எங்கயோ உக்காந்துகினு இருப்பான்” என்று கடைசியில் என்னை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

“அதான் அக்கா வேணும்” என்றாள் தங்கை. “அவன் பாத்தா பாத்துட்டுப் போறான். அவனுக்கு நான் யாருன்னு தெரியாது. நீ பாத்தா, உனக்கு மனசு வலிக்கும். உனக்கு வலிக்குதேன்னு நான் அந்தம்மாகிட்ட பாதியோட நிறுத்திடுவேன்.”

அடுத்த புதன்கிழமை மதியம் பழக்கதோஷத்தில் கணக்கைத் திறந்தேன். அவள் போனுக்கு நேரே எண்கள் ஏறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பாதைக்குள் நுழைய அவள் போனுக்குக் கொடுத்திருந்த சாவியை நீக்கினேன். அந்த வரி மறைந்தது. கணினியின் வாடகையையும் அந்த மாதத்தோடு நிறுத்தினேன்.

அன்றைக்கு நான் போன் செய்யவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு அவள் செய்தாள். மாடி அறையில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருப்பதாகவும், அவர்கள் காரம் போடாமல் மீன் கேட்டதாகவும், அத்தை அதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். ரெண்டு பேரும் சிரித்தோம். சாப்பிட்டியா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாள். அன்று அந்த ஆலோசகரிடம் பேசினாளா, பேசி அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.